சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம்

காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் கும்பிடுவது கடவுளை. அடுத்ததாகப் பார்ப்பது ஸ்டெபிலைசரின் பச்சை விளக்கை. இரண்டுக்கும் நடுவில் முகம்கூடக் கழுவ மாட்டாள்.

"என்ன, உன் பச்சைச்சாமி கண்ணைத் தொறந்துட்டாரா?" என்று கணவன் படுக்கையிலிருந்தே கேட்பான்.

"அவர் தொறந்துட்டாரு. நீங்க எப்பத் தொறக்கப் போறீங்க?"

சிரித்துக்கொண்டே எழுந்து வருவான். மருந்துக் கிடங்குக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டுவதற்கு முன், சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த அந்த ஸ்டெபிலைசர் பெட்டியை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். "எல்லாம் இவர் புண்ணியம்" என்பான். அவளுக்குக் கோபம் வருவதுபோல் இருக்கும், வராது. வீட்டில் தன் வேலைக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அந்தத் தெருவின் மின்சாரத்துக்கு நிலையான புத்தி கிடையாது. காலையில் எல்லா வீட்டு மோட்டார்களும் ஓடும்போது மின்விசிறி சீக்காளி மாதிரி முனகிக்கொண்டு சுற்றும். மத்தியானம் திடீரென்று பேய் பிடித்ததுபோல் பறக்கும். வீட்டுக்கு வீடு ஒரு கருகிய மிக்சியோ, பேசாமல் போன டிவியோ மூலையில் கிடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒருத்தி பிழைப்பு நடத்துவதென்றால், பச்சை விளக்கைக் கும்பிடாமல் என்ன செய்வாள்?

அவள் வேலை காதால் கேட்டுக் கையால் தட்டுவது. ஒரு சிறிய பதிப்பகம் வயதானவர்களின் பேச்சைப் பதிவு செய்து புத்தகமாகப் போட்டுக்கொண்டிருந்தது. இருமலுக்கு நடுவே வரும் சொல், பல்லில்லாத வாயில் நழுவும் சொல், யாருக்கும் பிடிபடாததெல்லாம் அவளுக்குப் பிடிபட்டது. "உனக்குப் பாம்புக்காதும்மா" என்று மேலாளர் அம்மா சொன்னதிலிருந்து அலுவலகத்தில் அதுவே பெயராகிவிட்டது. வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்டபோது அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க தெருவுல கரண்ட்டு எப்படின்னு எனக்குத் தெரியும். நல்ல ஸ்டெபிலைசர் போட்டுட்டேன்னு வாக்குக் கொடு. வேலையைக் கொண்டுபோ."

வாக்குக் கொடுத்தாள். அப்போது கணவன் தயங்கினான். அவளுக்காகச் சண்டை போட்டது நாத்தனார்தான். முப்பது வயது தாண்டியும் எல்லோருக்கும் குட்டி. பக்கத்து அறையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருப்பவள். ஒற்றைத் தலைவலிக்காரி. "அண்ணா, நீ சும்மா இரு. அண்ணி காதை வீட்டுல நம்ம வெட்டிப் பேச்சைக் கேக்கவா கடவுள் கொடுத்தாரு?" என்று ஒரே போடாகப் போட்டாள். அன்று அண்ணியும் நாத்தனாரும் ஒரே தம்ளரில் டீயைப் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

ஸ்டெபிலைசரைப் பொருத்தியது தெருமுனை எலக்ட்ரிக் கடைக்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் டெஸ்டர் அண்ணன். முதலில் அந்தப் பெட்டி அவ்வப்போது டிக் டிக்கென்று சத்தம் போட்டது. உள்ளே ஒவ்வொரு முறை வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும்போதும் ஒரு தட்டு. பிறகு ஒருநாள் டெஸ்டர் அண்ணன் வந்து, "தூசி அடைச்சிருக்கு, தட்டிவிடுறேன்" என்று திறந்து மூடினார். "இனிமே சத்தம் போடாதும்மா" என்றார். போடவுமில்லை. அவள் அவருக்கு வாயார நன்றி சொன்னாள். அதே சமயத்தில் குட்டியின் தலைவலியும் குறைந்திருந்தது. ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு சுருண்டு கிடப்பவள் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். அதற்கும் அவள் கடவுளுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லி வைத்தாள்.

இப்போது கையில் இருந்தது ஓய்வுபெற்ற ஒரு நர்சம்மாவின் குரல். குரலா அது, காய்ந்த இலையை மிதித்தால் வரும் சத்தம். வேறு இருவர் கேட்டுப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போன பிறகு அவளிடம் வந்தது. மாதக் கடைசியில் நர்சம்மா பதிப்பகத்துக்கு வருகிறார். கண் பார்வை போய்விட்டதால், தான் சொன்னதை யாராவது உரக்கப் படிக்கக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குள் முழுவதும் முடிந்தாக வேண்டும். முடித்துவிட்டால் இந்த வரிசைப் புத்தகங்கள் எல்லாமே அவளுக்குத்தான் என்று மேலாளர் அம்மா சொல்லியிருந்தார்.

முதல் பாதியைக் கொடுத்தாகிவிட்டது. ஆரம்பத்தில் அன்றன்றைக்கு அடித்ததைப் பென்டிரைவில் ஏற்றி வைப்பாள். விசிறி முனகினாலே கம்ப்யூட்டரை அணைப்பாள். பச்சை விளக்கு பழகப் பழக அந்தப் பயமெல்லாம் விட்டுப்போனது. காவலுக்கு ஆள் இருக்கும்போது கதவைத் தாழ் போட யாருக்குத் தோன்றும்?

அந்த மத்தியானம், காது முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த தாள்கள் திடீரென்று பறந்தன. நிமிர்ந்தாள். விசிறி இறக்கைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. விளக்கு வெள்ளையாகப் பூத்து உடைந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் 'டப்' என்று ஒன்று வெடித்து, ரப்பர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது.

எல்லாம் அடங்கிய பிறகு சுவரைப் பார்த்தாள். பச்சை விளக்கு ஒன்றுமே நடக்காததுபோல் எரிந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் சாயங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டார். திருகாணிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "தெருவுல நியூட்ரல் கம்பி அறுந்திருக்கு. வீட்டுக்குள்ள டபுள் வோல்ட்டேஜ் பாய்ஞ்சிருக்கு. டிஸ்க்கு வரைக்கும் எரிஞ்சு போச்சு. இதுல இருந்ததை மறந்துடுங்க. ஏங்க, ஸ்டெபிலைசர் இல்லாமயா ஓட்டினீங்க?"

"கண்ணு தெரியலையா? இதோ இருக்கே!"

"இருந்தா இது கட் பண்ணியிருக்கணுமே" என்று அவர் அந்தப் பெட்டியையும் கழற்றினார். மூடியைத் திறந்து டார்ச்சை அடித்துக் காட்டினார். உள்ளே வர வேண்டிய கம்பியும் வெளியே போக வேண்டிய கம்பியும் நேராக ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றப்பட்டிருந்தன. நடுவில் கனமான செம்புக் கம்பிச் சுருள் எதிலும் ஒட்டாமல் கிடந்தது. விளக்குக்கு மட்டும் தனியாக ஒரு மெல்லிய கம்பி.

"இது வெறும் டப்பாங்க. உங்களுக்குக் காட்டுறதுக்குன்னு லைட்டை மட்டும் எரிய விட்டிருக்காங்க."

அவள் செருப்புக்கூட மாட்டாமல் தெருமுனைக்கு நடந்தாள்.

கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். டெஸ்டர் அண்ணன் ஒரு மேசைவிசிறியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"அண்ணே அண்ணேன்னு வாய் ஓயாம கூப்பிட்டேனே! கூடப் பிறந்தவர் மாதிரி நம்பினேனே! தூசி தட்டுறேன்னு சொல்லி என் வயித்துல அடிச்சிட்டீங்களே!"

"டெஸ்டரு, உன்னையே டெஸ்ட் பண்ண ஆள் வந்தாச்சு" என்று நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

டெஸ்டர் அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். துடைக்க ஒன்றுமில்லாமல் போன பிறகும் துடைத்தார். "கம்பியைக் கழட்டினது நான்தான்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன். தூசின்னு சொன்னதும் பொய்தான்."

"எதுக்கு? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"அதை மட்டும் என்னைக் கேக்காதே. வீட்டுல கேளு."

வீட்டில். அந்த ஒரு சொல்லோடு அவள் திரும்பி நடந்தாள். வெறுங்காலில் சின்னச் சின்னக் கற்கள் குத்தியது அப்போதுதான் தெரிந்தது. நடக்க நடக்க ஒவ்வொரு காலையும் நினைவுக்கு வந்தது. பச்சைச்சாமி கண்ணைத் தொறந்துட்டாரா? எல்லாம் இவர் புண்ணியம். அந்த ஒற்றை விரல். கண்ணில் ஒற்றிக்கொண்ட நடிப்பு. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேவா தொட்டான்? எரிந்துபோன பக்கங்களைவிட அந்த விரல்தான் அவளைச் சுட்டது.

கணவன் வேலையிலிருந்து வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பழக்க தோஷத்தில் கை சுவருக்குப் போனது. அங்கே பெட்டி இல்லை. ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. விரல் அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தான். பெட்டி திறந்தபடி சாப்பாட்டு மேசையில் இருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"உட்காருங்க. உங்க சாமிக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. தெரியுமா?"

அவன் உட்காரவில்லை. "நானே சொல்லணும்னுதான்..."

"எப்ப? புத்தகம் அச்சாகி வந்த பிறகா?"

பக்கத்து அறையில் தையல் இயந்திரம் நின்றது. குட்டி வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் ஈரத்துணி.

"அண்ணாவைத் திட்டாதீங்க அண்ணி. நான்தான் கேட்டேன்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். இந்த வீட்டில் எல்லோரையும் சந்தேகப்பட்டிருந்தாலும் கடைசியாகச் சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டி இருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் தலைமாடு. நீங்க ஹெட்போனை மாட்டிக்குவீங்க, உங்களுக்கு ஒண்ணும் கேக்காது. மத்தியானம் ஆனா டிக் டிக் டிக்குன்னு விடாது. மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி. துணியைச் சுத்திப் பார்த்தேன், கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். முடியல அண்ணி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே பிடுங்கி எறிஞ்சிருப்பேனே!"

"எறிஞ்சிருப்பீங்க. அதுக்குத்தான் சொல்லல. வேலையும் கூடவே போயிருக்கும். என்னாலதான் போச்சுன்னு நான் எப்படி உங்க முகத்துல முழிக்கிறது?"

"ரெண்டு நாளைக்குன்னுதான் டெஸ்டர்கிட்ட சொன்னேன்" என்றான் கணவன் தரையைப் பார்த்து. "சத்தம் போடாத பெட்டி ஒண்ணு கிடைக்கிற வரைக்கும். அப்புறம் ஒண்ணும் ஆகல. இவளும் எழுந்து உட்கார்ந்துட்டா. நீயும் நிம்மதியா இருந்த. எதுக்குக் கலைக்கணும்னு விட்டுட்டேன்."

"நிம்மதியா இருந்தேனா?" அவள் குரல் உயரவில்லை. அதுவே அவர்களுக்குப் பயமாக இருந்தது. "சின்னப் பிள்ளை கையில பொம்மை ஸ்டியரிங்கைக் கொடுத்து முன்சீட்டுல உட்கார வைப்பாங்களே, அது தான்தான் வண்டி ஓட்டுறதா நினைச்சுத் திருப்பிக்கிட்டே இருக்குமே, அப்படி என்னை உட்கார வச்சிருக்கீங்க மூணு பேரும். பெட்டியே இல்லன்னு தெரிஞ்சிருந்தா நான் பயந்து பயந்து அணைச்சிருப்பேன். பென்டிரைவுல ஏத்தியிருப்பேன். என் பயத்தையும் சேர்த்துத் திருடிட்டீங்களே."

யாரும் சாப்பிடவில்லை. அண்ணன் தங்கைமேலும் தங்கை அண்ணிமேலும் இரக்கப்பட்டுத்தான் அந்த வீட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரக்கம் நல்லதுதான். ஆனால் யாருக்காக இரங்குகிறோமோ அவர்களுக்குத் தெரியாமல் அதைச் செய்யும்போது, அவர்களை மனிதக் கணக்கிலிருந்தே கழித்துவிடுகிறோம்.

மறுநாள் பதிப்பகத்தில் மேலாளர் அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஸ்டெபிலைசர் போட்டேன்னு வாக்குக் கொடுத்தியே. இருந்துச்சா இல்லையா?"

சொல்லிவிடலாம். ஒரே மூச்சில் மூன்று பேரையும் சந்தியில் நிறுத்திவிடலாம். நாக்கின் நுனிவரை வந்தது.

"இருந்துச்சும்மா. ஆனா வேலை செய்யல. அது எனக்குத் தெரியாமப் போச்சு. பென்டிரைவுல ஏத்தாதது என் தப்பு."

"நர்சம்மாவை வரச் சொல்லியாச்சு. வேற ஆள்கிட்டக் கொடுக்கட்டுமா?"

"வேற யாருக்கும் அந்தக் குரல் புரியாதும்மா. திரும்ப அடிச்சிடுறேன்."

மேலாளர் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதிவுகளின் நகலை மேசைமேல் நகர்த்தி வைத்தார். "இந்தத் தடவை வாக்கு வேண்டாம். பக்கங்களைக் கொண்டுவா" என்றார். முன்பு வாக்கை வாங்கிக்கொண்டவர் இப்போது வேண்டாம் என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் டெஸ்டர் அண்ணன். சைக்கிள் கேரியரில் போர்வை சுற்றிய ஒரு கம்ப்யூட்டர்.

"என் வீட்டுது. வேலை முடியற வரைக்கும் வச்சுக்கோ. வீட்டுக்காரி சீட்டு விளையாடுறதுக்குத்தான் வச்சிருக்கா. கொஞ்ச நாள் என்கூடப் பேசட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கதவை விட்டு விலகி வழிவிட்டாள். அவர் திறந்து கிடந்த ஸ்டெபிலைசரை முன்னால் வைத்து, அவள் பார்க்க ஒவ்வொரு கம்பியாக எடுத்து, இது எங்கே போகிறது, அது எங்கே போகிறது என்று சொல்லிச் சொல்லிப் பூட்டினார். மூடியைப் போட்டுப் பழைய சுவரிலேயே மாட்டுவதற்கு முன் "பார்த்துக்கிட்டியா?" என்று கேட்டார். அதற்குமேல் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கொடுத்திருக்கவும் மாட்டாள்.

அன்று மத்தியானம் குட்டி தைத்த சட்டைகளைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். அவள் ஹெட்போனை மாட்டவில்லை. குட்டியின் அறைக்குப் போய், குட்டியின் கட்டிலில், குட்டி தலை வைக்கும் இடத்தில் தலை வைத்துப் படுத்தாள்.

டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக் டிக். மறுபடி அமைதி, எப்போது வரும் என்று காத்திருக்க வைக்கும் அமைதி. பிறகு படபடவென்று ஒரு சரம். சுவர் அதை வாங்கிப் பெரிதாக்கி மண்டைக்குள் இறக்கியது. வலியில்லாத தலைக்கே இப்படியென்றால்? இருமலுக்கு நடுவே ஒரு சொல்லைப் பிடிக்கிற தன் காதுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இது இப்படி இறங்கியது எட்டவே இல்லை. கோபம் போகவில்லை. ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

எழுந்துபோய் வேலையைத் தொடங்கினாள். எரிந்துபோன இடத்தில் இருந்த வரிகள் மறுபடி வந்தன. நர்சம்மா சொன்னார்: "வலிக்காதுன்னு சொல்லி நான் யாருக்கும் ஊசி போட்டதே இல்ல. வலிக்கும்னு சொல்லுவேன். சொல்லிட்டுக் கையைப் பிடிச்சுக்குவேன்." முதல் தடவை இதை ஒரு வரியாக அடித்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது கை நின்றது.

சாயங்காலம் கணவன் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை அவன் தலையில் மாட்டி அந்த இடத்தை ஓடவிட்டாள். அவன் கேட்டான். திரும்ப ஓடவிடும்படி விரலால் காட்டினான். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவனுக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை. ஹெட்போனைக் கழற்றி, உடைந்துவிடுமோ என்பதுபோல் மேசையில் வைத்துவிட்டு, "தெரிஞ்சே தொட்டேன். தப்பு" என்றான். அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். அன்றிலிருந்து அவன் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை. அவளும் காலையில் அதைப் பார்ப்பதில்லை.

குட்டியிடம் மட்டும் போனாள். "பெட்டியை எதிர்ச்சுவர்ப் பக்கம், தரையில, போர்வையை மடிச்சுப் போட்டு அதுமேல வைக்கப் போறேன். சத்தம் வரும் குட்டி. குறையும், ஆனா வரும். வராதுன்னு சொல்ல மாட்டேன்."

"வரட்டும் அண்ணி." குட்டி தையலை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். பெட்டியின் ஒரு முனையை அவளே பிடித்தாள். வைத்து முடித்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஹெட்போன் போட்டா உங்களுக்குத்தான் கேக்காதே. படபடன்னு அடிக்க ஆரம்பிச்சா நான் வந்து மேசையைத் தட்டுறேன். நீங்க அணைச்சிடுங்க. எனக்குக் கேக்காம இருக்கவா போகுது?"

அப்படியே நடந்தது. மேசை அதிரும், அவள் ஹெட்போனைக் கழற்றுவாள், தானே காது கொடுத்துக் கேட்பாள். டிக் டிக் என்று உறுதியான பிறகுதான் அணைப்பாள். ஒவ்வொரு முறையும் குட்டி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தன்னை நம்பாமல்தான் கழற்றுகிறாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த முறை வந்து தட்டுவாள், நெற்றியில் ஈரத்துணியோடும் வந்து தட்டுவாள்.

கடைசிப் பதிவு. நர்சம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, தன்னிடம் கடைசியாக ஊசி போட்டுக்கொண்டவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மேசை அதிர்ந்தது. அவள் அந்த வாக்கியத்தை முடித்து, பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினாள். மறு நொடி விசிறி பறந்தது. அடுத்த வீட்டில் ஏதோ 'டப்' என்றது. யாரோ ஐயோ என்றார்கள். பிறகு தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

புழுக்கத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பிழைச்சுதா அண்ணி?"

"பிழைச்சுது. இன்னும் ஒரு பக்கம்தான். கரண்ட்டு வந்ததும் முடிச்சிடுவேன்."

குட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், ஈரத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தியபோதுதான் விளங்கியது.

ஹெட்போன் இன்னும் தலையில்தான் இருந்தது. பிறகு அதை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டுக் குட்டி பேசியதைக் கேட்டிருக்கிறாளே தவிர, மேசை அதிர்ந்தபோது பெட்டியின் சத்தத்தைக் கேட்கக் கழற்றவே இல்லை.